ஹெர்ரிங் என்னும் கருவாடு

அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டித் தேர்வுகளை எழுத விரும்பும் இளைஞர்களுக்கென்று வெளியாகும் ஆங்கில வழிகாட்டி நூல்களில், ஒரு பக்கம் மரபுத்தொடரும் மறுபக்கம் அதன் பொருளுமாக அச்சிடப்பட்ட நீண்ட பட்டியல் ஒன்று தவறாமல் இடம்பெற்றிருக்கும். அவற்றில் கணிசமான பங்கு உணவுப் பண்டங்களைப் பற்றியவை. எளிய காரியத்தைக் கேக் துண்டு என்பதும், குடும்பம் நடத்தச் சம்பாதிப்பதைப் பன்றியிறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது என்பதும், இரகசியத்தை வெளியிடுவதை அவரைவிதையைச் சிந்துவது என்பதும், மனத்துக்கு ஒவ்வாத விஷயத்தைத் தம்முடைய கோப்பைத் தேநீர் அன்று என்பதும் ஆங்கிலேயருக்கு இயல்பாக வாயில் வருகிற பேச்சு. நம் பிள்ளைகளுக்கோ, விளக்கில்லாமல் அந்நியர் வீட்டுச் சமையற்கட்டில் நுழைந்தவர்களைப்போல், கைக்குத் தட்டுப்பட்டதையெல்லாம் பெயர் சொல்லி மனப்பாடம் செய்யவேண்டிய சங்கடம்.

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி நிற்கும் ஆரம்பாக்கத்திலும், அதற்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் நொச்சிக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களிலும் இந்தப் பட்டியலைப் படிக்கிற பிள்ளைகளை நினைக்கும்போதுதான் இதிலுள்ள வேடிக்கையும் வருத்தமும் சேர்ந்து விளங்குகின்றன. 'ரெட் ஹெர்ரிங்' என்ற தொடருக்கு நேராக 'கவனத்தைத் திசைதிருப்பும் பொய்த் தடயம்' என்று அச்சிட்டிருப்பதை அந்தப் பிள்ளை நெட்டுருப் போடுகிறான். தன் பாட்டி முற்றத்தில் பாய் விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும் பண்டமும் அந்தத் தொடரில் வரும் பண்டமும் ஏறத்தாழ ஒன்றே என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்வார் ஒருவருமில்லை. உணவிலிருந்து பிறந்த வழக்கை அந்த உணவைக் காட்டாமல் கற்பிப்பது பயனற்ற வேலை என்பதும், காட்டுவதற்கு வேண்டிய பண்டம் பல சமயங்களில் நம்முடைய கரையிலேயே கிடக்கிறது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஹெர்ரிங் என்பது வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் பெருங்கூட்டமாகத் திரிவதும், நம்முடைய மத்திக்கு உறவானதும், எண்ணெய்ப்பசை மிகுந்து விரைவில் கெட்டுப்போவதுமான ஒரு மீன். பனிக்கட்டியும் ரயிலும் இல்லாத காலத்தில் அதனை உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், உப்பில் நன்றாக ஊறவைத்து, புகைக்கூண்டில் பல நாள் தொங்கவிட்டு, செம்பழுப்பு நிறம் ஏறிக் கட்டைபோல் இறுகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிறத்தினாலேயே அது செந்நிற ஹெர்ரிங் ஆயிற்று. நாம் வெயிலை நம்பினோம், வெயில் அரிதான தேசத்தார் புகையை நம்பினார்கள் என்னும் வித்தியாசத்தைத் தள்ளிவிட்டால் அது கருவாடு அல்லாமல் வேறென்ன? இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள யார்மத் என்னும் துறைமுகம் இந்தக் கருவாட்டினாலேயே வாழ்ந்தது; தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர், அந்த ஊரையும் அதன் கருவாட்டையும் வியந்து பாராட்டுவதற்கென்றே 1599-ல் ஒரு நூல் இயற்றினார். கருவாட்டுக்குப் புகழ்மாலை சூட்டிய அந்த ரஸிகரைப்போல் நம்மிடையே ஒருவர் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனி, இந்தப் பண்டம் எவ்விதம் பொய்த் தடயத்துக்குப் பெயராயிற்று என்பது பத்திரிகை வாசகர்கள் அறிந்துவைத்துக்கொள்ளத்தக்க கதை. வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகாசிரியர் 1807-ல் தம்முடைய பத்திரிகையில், தாம் சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்தும் வேட்டைநாய்களை ஏமாற்றுவதற்காக ஒரு செந்நிற ஹெர்ரிங்கைத் தரையில் இழுத்துச்சென்று, அதன் நெடியினால் அவற்றைத் தடம் மாறச்செய்ததாக ஒரு கதையைச் சொல்லி, நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற தவறான செய்தியைப் பற்றிக்கொண்டு உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்ட சக பத்திரிகைகள் அந்த நாய்களைப்போலவே நடந்துகொண்டன என்று இடித்துரைத்தார். கதை உண்மையோ கற்பனையோ, தொடர் நிலைத்துவிட்டது. கருவாடு காய்கிற இடத்தில் கையில் கோலுடன் நாய்க்கும் காகத்துக்கும் காவல் இருந்த பிள்ளைக்கு, அந்த நெடி ஒரு நாயின் புத்தியை என்ன பாடுபடுத்தும் என்பதை விளக்க அகராதி தேவையில்லை. இலண்டன் மாநகரத்தில் இன்று வளர்கிற பிள்ளையைவிட அவனே அந்தத் தொடருக்கு நெருங்கியவன். ஆனால் தேர்வில் அவன்தான் திணறுகிறான்.

மற்றோர் உதாரணம் இதைவிடச் சுவாரசியமானது. சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறும் சாமர்த்தியத்தை ஆங்கிலேயர், ஸ்ப்ராட்டைப் போட்டு மாக்கரலைப் பிடிப்பது என்பார்கள். ஸ்ப்ராட் விலைமலிந்த பொடிமீன், மாக்கரல் நம்முடைய கானாங்கெளுத்தியின் இனம். உள்நாட்டுத் தமிழர், அயிரையைப் போட்டு விராலை வாங்குவது என்று சொல்லிவந்திருக்கிறார்கள். ஏரியும் குளமும் ஆறுமாக வாழ்ந்தவர்களுக்கு அந்த இரண்டு நன்னீர் மீன்களே கண்முன் நின்றன. கடற்கரைக்கு வந்ததும் அதே எண்ணம், இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்று வேஷம் மாறிவிடுகிறது. கருத்து ஒன்றே, நீருக்குத் தக்கபடி மீன் மாறுகிறது. கடல் மீனுக்கு நுளையன் இட்டதே பேர் என்று ஒரு பழமொழி உண்டு. மீனை அறிந்தவன் இட்ட பேரை ஊரார் ஒப்புக்கொள்வதுபோலவே, எந்த மீனை எந்த எண்ணத்துக்கு உவமையாக்குவது என்பதையும் அந்தந்தக் கரையார்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்றுகொண்டு இன்று அந்தப் பழமொழியைச் சொன்னால், வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர் சிரித்துவிடக்கூடும். ஏனென்றால், இறால் என்பது அள்ளி எறியும் அற்பப் பண்டமாக இருந்த காலத்தில் உண்டான வழக்கு அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறைபதன இறால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிய பிறகு, அந்த ஏரியின் பொருளாதாரமே இறாலைச் சுற்றிச் சுழலலாயிற்று. பட்டினவர் சமூகத்தார் இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று சீட்டுப்போட்டு முறைவைத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாட்டில், எந்தப் பாட்டில் இறால் ஏறும் என்பதே பெரிய கேள்வி. வலையோ படகோ இல்லாத இருளர் குடும்பங்கள் மார்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவிப் பிடித்துப் பறியில் சேர்ப்பதும் அந்த இறாலைத்தான். இப்படியிருக்க, இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிறவனை இன்று சாமர்த்தியசாலி என்று யார் சொல்வார்? ஒரு பழமொழிக்குள் ஒரு காலத்துச் சந்தை விலை அப்படியே உறைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பொருளாதார ஆசிரியர்களும் இதைக் கவனிக்கலாம்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் காலையில் சென்னை ரயிலேறுகிறவர்கள், மீன்கூடைகளுக்கும் அலுவலகப் பைகளுக்கும் நடுவே மூச்சுத் திணறும்போது, புளிமூட்டைபோல் அடைத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். ஆங்கிலேயர் இந்த இடத்தில் தகரப்பெட்டி மத்தியை நினைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு நாட்டின் நாந்த் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்தியைத் தகரப்பெட்டியில் அடைக்கும் தொழில் வளர்ந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த உவமை அது. மத்தி வலையில் விழுகிற கரைக்காரர்களும் புளியைத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் மத்தியைப் பெட்டியில் அடுக்கி அவர்கள் கண்டதில்லை.

எல்லாத் தொடருக்கும் இப்படி ஜோடி கிடைக்கும் என்று நான் வாதாடவில்லை. கிடைக்காத இடத்தில் வலிந்து ஒன்றைத் தேடுவது, கிடைத்ததை விட்டுவிடுவதைக் காட்டிலும் பெரிய தவறு. அரசியல் செய்திகளை ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழாக்குகிறவர்கள், கைவைக்க அஞ்சும் பிரச்னையைச் 'சூடான உருளைக்கிழங்கு' என்று எழுதிவிட்டுப் போகும்போது, உருளைக்கிழங்கைப் பொடிமாஸாகவும் குழம்பாகவும் அல்லாமல் அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே கையில் ஏந்தி உண்ணும் பழக்கமில்லாத வாசகன் எதை நினைத்துக்கொள்வான்? அதே நேரத்தில், அவிழ்க்க முடியாத விவகாரத்தை 'இடியாப்பச் சிக்கல்' என்று சொல்லிக்கொள்கிற தமிழின் படைப்புச் சக்தியைப் பார்க்கும்போது, நமக்குக் கடன்வாங்கும் நிர்ப்பந்தம் ஏதுமில்லை என்பதும் தெரிகிறது. மனம் குளிரப் பேசிக் காரியம் சாதிப்பதை ஆங்கிலேயர் வெண்ணெய் தடவுவது என்றால், நாம் ஐஸ் வைப்பது என்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஒரு கட்டடம் எழும்பிற்று. அப்படிக் கப்பலேறி வந்த பண்டத்தைக்கூட நம் மக்கள் பேச்சு வழக்காக்கிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் ஐஸ் வைப்பதற்கு நேரான அர்த்தமும் உண்டு, மற்ற அர்த்தமும் உண்டு. இறாலுக்கு ஒன்றை வைக்கிற வியாபாரி, முன்பணம் கொடுத்து மீனவருக்கு மற்றொன்றை வைக்கிறார்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். வகுப்பறையில் கருவாட்டைப் பற்றிப் பேசுவதா, அது அவ்வளவு கண்ணியமான விஷயமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தச் சுளிப்புக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம்முடைய எழுத்து வழக்கில் பாலும் தேனும் நெய்யும் எப்போதும் புகழ்ச்சிக்கு வருகின்றன. மீனும் கருவாடும் பெரும்பாலும் இகழ்ச்சிக்கே வருகின்றன. நாய் விற்ற காசு குரைக்குமா, கருவாடு விற்ற காசு நாறுமா என்று கேட்கிற பழமொழி, கருவாட்டுக்காரருக்குப் பரிந்து பேசுவதுபோல் தோன்றினாலும், காசைத் தூய்மைப்படுத்திவிட்டுத் தொழிலை நாற்றத்திலேயே விட்டுவிடுகிறது. பூக்காரி வீட்டில் உறக்கம் வராமல் தன்னுடைய மீன்கூடையில் தண்ணீர் தெளித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய மீன்காரியைப் பற்றி ராமகிருஷ்ண பரமஹம்ஸர் சொன்ன கதை, உலகப் பற்றின் வலிமையை விளக்க வந்தது. ஆனால் உபந்நியாசங்களில் அதைக் கேட்டுத் தலையசைக்கிறவர்களில் எத்தனை பேர், அந்தப் பெண்ணுக்குத் தன் கூடையின் வாசனை உழைப்பின் வாசனையாக, வீட்டின் வாசனையாக இருந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறார்கள்?

ஆங்கில பாஷையும் இந்த விஷயத்தில் சுத்தமானதன்று. பிரபுக்களின் விருந்து மேஜையில் உப்புப் பாத்திரம் நடுவில் வைக்கப்பட்டு, உயர்ந்தோர் அதற்கு மேற்புறமும் தாழ்ந்தோர் கீழ்ப்புறமுமாக அமர்ந்த சம்பிரதாயத்திலிருந்து, எளியவரை 'உப்புக்குக் கீழே' இருப்பவர் என்று குறிக்கும் வழக்கு உண்டாயிற்று. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பதற்கு வழங்கும் 'ஹம்பிள் பை உண்பது' என்ற தொடரோ, மானின் நல்ல இறைச்சி எஜமானர்களுக்குப் போனபின் மிஞ்சும் குடலும் ஈரலும் வைத்துச் செய்த பணியாரத்தைச் சிலேடையாகக் குறிப்பது. பந்தியில் யார் முதலில் உட்காருவது என்பதற்காக நடந்த சச்சரவுகளை நேரில் கண்ட தமிழனுக்கு இவை எளிதில் விளங்கக்கூடியவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்ன சமூகமும், உப்பை வைத்தே மனிதரை மேல் கீழாகப் பிரித்த சமூகமும் சந்தித்துக்கொண்ட கரை இது; இந்தக் கரையின் உப்பளங்களில் விளைந்த உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் தோணிகளில் சென்னைக்குப் போயிற்று.

சந்தித்துக்கொண்ட கரை என்றது வெறும் அலங்காரமன்று. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பி வேரூன்றிவிட்ட பிறகு, ஆங்கிலேயக் கம்பெனியார் ஏரிக்கு வடக்கே, இன்று ஆந்திரத்தில் துர்க்கராஜபட்டினம் என வழங்கும் ஆர்மகானில், 1626-ஐ ஒட்டி ஒரு வியாபாரச் சாலையை அமைத்தார்கள். அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் டே என்பவர்தான் பிறகு 1639-ல் சென்னைக்கு அஸ்திவாரம் போட்டார். ஆகவே, சென்னை பிறப்பதற்கு முன்பே ஆங்கிலப் பேச்சு கேட்ட கரை இது. அப்படி வந்தவர்கள் தங்கள் சமையற்கட்டுத் தொடர்களை மட்டும் கொண்டுவந்து இறக்கவில்லை. நம்முடைய சமையற்கட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886-ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைப் புரட்டினால், மிளகுத்தண்ணீரில் மோகம் கொண்ட சென்னை மாகாணத்து உத்தியோகஸ்தர்களுக்கு 'மல்' என்றும், பம்பாய் மாகாணத்தாருக்கு அங்கே பிரசித்தமான ஒரு கருவாட்டின் பெயரால் 'டக்' என்றும் பட்டப்பெயர் வழங்கியது தெரியவரும். பட்டாளத்துச் சிப்பாய்களைக் குற்றத்துக்காக அடைத்துவைக்கும் இடத்தை, அங்கே கிடைக்கும் ஆகாரத்தை வைத்துக் 'கஞ்சி வீடு' என்று அழைத்தார்கள். சிறைக்குப் போகிறவனைக் களி தின்னப் போகிறான் என்று சொல்லும் நமக்கு, கஞ்சி குடிக்கப் போன வெள்ளைச் சிப்பாயிடம் சிறிது பந்துத்துவம் தோன்றுவது நியாயந்தானே!

ஆரம்பாக்கத்துப் பிள்ளைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. எல்லையூராகையால் தெலுங்கும் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பவனை, சாப்பிட்ட வீட்டின் கூரைக் கழிகளை எண்ணுகிறவன் என்று தெலுங்கர் சொல்வார்கள். இலை முன்னால் உட்கார்ந்துகொண்டே கண்ணை மேலே ஓட்டி, அந்த வீட்டின் பெறுமானத்தை மதிப்பிடுகிற விருந்தாளியின் சித்திரம் அதில் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது! இரண்டு பாஷைகளில் இப்படி ஒரே எண்ணத்தை இரண்டு உருவத்தில் கேட்டுப் பழகியவனுக்கு மூன்றாவது பாஷையின் தொடர்கள் பயமுறுத்தத் தேவையில்லை. பயமுறுத்துவது பாஷையன்று, கற்பிக்கும் முறைதான். ஆகாரத்தின் பெயர் வருகிற ஒவ்வொரு தொடருக்கும் கீழே, அது என்ன பண்டம், யார் உண்டது, எப்படிச் செய்தது என்று இரண்டே வரிகளைச் சேர்ப்பதால் பாடநூலின் பருமன் அதிகமாகிவிடாது. கடலோரப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு, அந்த இரண்டு வரிகளை விட்டுத் தம் ஊரின் பண்டத்தைக் கொண்டே விளக்கும் சுதந்திரமும் வேண்டும்.

இதற்கு மறுபாதியாக ஒரு காரியம் நம்மைச் சேர்ந்ததாக இருக்கிறது. பீட்டர் பெர்சிவல் 1874-ல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார். ஜான் லாசரஸ் 1894-ல் பழமொழி அகராதி ஒன்றையும், டேனிஷ் பாதிரியாரான ஹெர்மன் ஜென்சன் 1897-ல் பொருள்வாரியாகப் பகுத்த தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். அவை பெரும் உழைப்பு. ஆயினும் அவற்றில் வயலும் ஏரும் மாடும் மோரும் பேசுகிற அளவுக்கு வலையும் படகும் பேசவில்லை என்பதே என் வாசிப்பில் எனக்குப் பட்டது. அச்சு நூல்களில் மீனைப் பற்றி வருவனவற்றிலும், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப்போல, கரையில் நின்று பார்த்தவர் சொல்லக்கூடியவையே மிகுதி. நீருக்குள் நின்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்பவை வேறாக இருக்கவேண்டும்.

ஏரிக்கரைப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, மீனையும் உப்பையும் கஞ்சியையும் கருவாட்டையும் வைத்துத் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறவற்றை, சொன்னபடியே, தமிழாயினும் தெலுங்காயினும் எழுதிவரச் செய்தால், ஓர் ஆண்டுக்குள் நல்ல தொகுப்பு ஒன்று சேர்ந்துவிடும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளும் இதில் சேர்ந்துகொள்ளலாம். அரசாங்கங்கள் இரண்டானாலும் ஏரியும் மீனும் பொதுவானவை. எங்கே தொடங்குவது என்று கேட்டால், பாட்டு முறையில் பங்கில்லாமல் கையே வலையாக இறால் தேடும் இருளர் பெண்களின் குடியிருப்பில் தொடங்கலாம் என்பேன்.